'டிக்' என்று ஒரு சத்தம்

கார் நின்றுவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். ஸ்கூட்டர் என்றால் அடுத்த தெரு மெக்கானிக் வரை உருட்டிக்கொண்டு போகலாம். கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மோட்டார் படகு நின்றால்? இறங்கித் தள்ள முடியாது. காற்றும் நீரோட்டமும் தங்கள் இஷ்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் படகு வைத்திருப்பவர்கள் பெட்ரோலைவிட மின்சாரத்துக்கு அதிகம் பயப்படுகிறார்கள்.

அமெரிக்காவில், ஃபுளோரிடா டாம்பா வளைகுடா பக்கத்தில் இருக்கும் என் அக்கா பையன், ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க ஒரு பழைய படகு வாங்கினான். பதினெட்டு அடி. பின்னால் தொங்கும் அவுட்போர்டு இன்ஜின். ஒரு நாள் போன்.

"மாமா, சாவியைத் திருகினா 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி போயிடுச்சுன்னு புதுசு மாத்தினேன். அப்பவும் 'டிக்'."

"விளக்கு எரியுதா?"

"பளிச்சுனு எரியுது. ஹாரன்கூட அடிக்குது. மீட்டர் வெச்சா 12.6 வோல்ட். அதான் ஒண்ணும் புரியலை."

12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகியிருக்கிறது. அப்புறம் ஏன் இன்ஜின் எழவில்லை?

மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாய் வரும், வாளி நிறையாது. இதுவும் அப்படித்தான். 1827-ல் கெயார்க் ஓம் புத்தகம் போட்டுச் சொன்ன கணக்கு, நீங்களும் பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பீர்கள். பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு ஜாயின்ட் பச்சை பூத்துப்போய், அதில் 0.05 ஓம் தடை. விளக்குக்கு 1 ஆம்பியர் போதும். ஆகவே நஷ்டம் 0.05 வோல்ட். விளக்குக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் கேட்கிற ஆசாமி. அதே ஜாயின்ட்டில் 5 வோல்ட் காலி. மிச்சத்தில் ரிலே 'டிக்' என்று ஒட்டும், மோட்டார் அசையாது. மீட்டரோ கரண்ட்டே இழுப்பதில்லை. அது விளக்கைவிடப் பெரிய அப்பாவி, 12.6 என்று சத்தியம் பண்ணும்.

ஆகவே, சும்மா இருக்கும்போது கேட்கக் கூடாது, வேலை வாங்கும்போது கேட்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையில் வையுங்கள். மறு முனையை அதில் மாட்டியிருக்கிற கேபிளின் வாயில், அரை அங்குலம் தள்ளி. இப்போது இன்னொருவர் சாவியைத் திருகட்டும். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அந்த ஜாயின்ட் யோக்கியம். ஒன்று, இரண்டு வோல்ட் காட்டினால் திருடன் அங்கே இருக்கிறான். இப்படியே மெயின் ஸ்விட்ச், ரிலே என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். பிளஸ் பக்கம் முடிந்ததும் மைனஸ் பக்கம். நிறையப் பேர் மைனஸை மறந்துவிடுவார்கள். போன கரண்ட் திரும்பி வந்தாக வேண்டுமே!

பையன் கண்டுபிடித்தது மைனஸ் கேபிளில்தான். இன்ஜினில் மாட்டுகிற முனை. வெளியே பார்க்கப் புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கன்னங்கரேல்.

இது உப்புத் தண்ணீரின் வேலை. 1800-ல் வோல்ட்டா தன் பேட்டரியை எப்படிச் செய்தார்? இரண்டு வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த துணி. படகின் ஒவ்வொரு ஜாயின்ட்டும் நாம் கேட்காமலே அப்படி ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது, உலோகத்தையே தின்கிறது. போதாக்குறைக்கு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, ஈரம் செம்பு இழைகளுக்குள் ஏறிவிடும். அதனால்தான் படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி தனியாக விற்கிறார்கள். கார் கம்பி மலிவு என்று வாங்கினால், இரண்டே வருஷத்தில் இந்த 'டிக்' கேட்கும்.

சில சமயம் கோளாறே இருக்காது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு உண்டு. அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவர் மேலேயே ஏறாமல் இருக்க இந்த ஏற்பாடு. 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான மோட்டார் படகுகளில் இது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம். அது ஸ்விட்ச்சில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படகுக்குள்ளேயே இன்ஜின் வைத்த பெட்ரோல் படகு என்றால் இன்னும் ஜாக்கிரதை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சாவியைத் தொடுமுன் நாலு நிமிஷமாவது ப்ளோயர் ஓட வேண்டும். கார் கடை ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அங்கே ஆகாது. படகுக்கானவை பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை.

ஸ்டார்ட்டராவது 'டிக்' என்று சொல்லிவிடுகிறது. உள்ளே கசிகிற தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் அதுகூடச் சொல்லாது. அதன் ஜாயின்ட்டுகள் எந்நேரமும் ஈரத்திலேயே கிடக்கின்றன. அது போனால், கட்டிப் போட்ட இடத்திலேயே, யாரும் பார்க்காத ராத்திரியில் படகு மூழ்கும். கிளம்புமுன் அதன் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓட வேண்டும்.

'எங்களுக்கு ஏதுங்க படகு' என்கிறீர்களா? கார், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இதே கணக்குதான். அடுத்த தடவை மழைக்கால விடியலில் கார் முனகினால், புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்குமுன் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தமாகத் தேய்த்து இறுக்கி மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.