நீல டிரம்மில் ஓடும் படகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு படகு எஞ்சின் ஓடும். படகு ஓடாது, எஞ்சின் மட்டும்தான். இருநூறு லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம்மில் போர் தண்ணீரை நிரப்பி, பக்கத்தில் நட்ட மரச்சட்டத்தில் எஞ்சினைத் தொங்கவிட்டு, புரொப்பல்லரைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுப்பேன். மூன்றாவது அல்லது நான்காவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடும். டிரம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரளும், மேலே எண்ணெய் வானவில்லாகப் படரும், பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓயும். அப்புறம் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போவேன். 2021-லிருந்து இப்படித்தான்.

வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் போகிற வழியில். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். தீவில் பிறந்தவன் படகு வாங்கியதில் என்ன அதிசயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். திருச்சிக்காரர்கள் கேட்கமாட்டார்கள், சிரிப்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடவேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. அப்படித் திறந்தாலும் முக்கொம்புக்கு வருகிற தண்ணீர் பாசனத்துக்குக் காவிரியில்தான் போகும். கொள்ளிடம் மிச்சத்துக்கு. வருடத்தில் பாதிக்கு மேல் கொள்ளிடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். படகைக் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா சொன்னது இது: "மணல்ல ஓட்டுறதுக்கு டிராக்டர் வாங்கியிருக்கலாம்ல?"

ஏன் வாங்கினேன் என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை.

2005 நவம்பர். நான் பிளஸ் ஒன். அம்மாச்சி உறையூரில் குடமுருட்டிக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் இருந்தார். ஆறு உடைத்துக்கொண்டு வந்த ராத்திரி பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறிவிட்டார். மறுநாள் காலை நானும் அப்பாவும் போய் மேட்டுச் சாலையில் நின்றோம். நடுவில் இருநூறு மீட்டர் பழுப்புத் தண்ணீர். மாடியில் அம்மாச்சியின் பச்சைப் புடவை தெரிந்தது. தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு இரண்டு முறை அந்தப் பக்கம் போனது, இரண்டு முறையும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. அதுதான் நியாயம். மூன்றாவது நடையில் அம்மாச்சியை ஏற்றினார்கள். அதற்குள் ஒன்றரை நாள் ஆகியிருந்தது. சர்க்கரைக்காரர். ஊசி மருந்து வீட்டோடு போய்விட்டது. காலில் பட்டிருந்த சின்னக் கீறல் அந்த அழுக்குத் தண்ணீரில் ஊறிப் புண்ணாகி, ஆறே வாரத்தில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. அடுத்த வருடம் அம்மாச்சி இல்லை. இருநூறு மீட்டர் தண்ணீர் மட்டும் எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

பெங்களூர் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது ஊருக்கு வந்தேன். கையில் கொஞ்சம் பணம். நாகப்பட்டினம் பக்கத்தில் மீனவர் ஒருவரிடம் பழைய ஃபைபர் படகு இருக்கிறது என்று கல்லூரி நண்பன் சொன்னான். பதினாறு அடி. சுனாமிக்கு அப்புறம் தொண்டு நிறுவனங்கள் கரை முழுக்கக் கொடுத்தார்களே, அந்த வகை. பெயின்டுக்கு அடியில் ஏதோ நிறுவனத்தின் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கூடவே எட்டு குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம், 407 வண்டி வாடகை தனி. விற்றவர் எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி ஒரே இழுப்பில் ஓடவிட்டுக் காட்டினார். "மிசினைப் பொண்டாட்டி மாதிரிம்பானுங்க, கேக்காதீங்க தம்பி. இது கடன் மாதிரி. ஒரு மாசம் மறந்தீங்கன்னா வட்டி போட்டு வாங்கிரும்."

அவர் சொன்னது சரி. காட்டியதில்தான் பிசகு. தண்ணீரில்லாமல் அந்த எஞ்சினை ஓடவிடவே கூடாது என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ரேடியேட்டர் கிடையாது அதில். காலுக்குள் ஒரு ரப்பர் சக்கரம், இம்பெல்லர், ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளும். அது சிலிண்டரைச் சுற்றிவிட்டு வெளியே போகும். பின்பக்கம் பென்சில் கனத்துக்கு ஒரு தண்ணீர்க்கோடு பீய்ச்சவேண்டும். அந்தக் கோடுதான் எஞ்சினின் நாடி. வறட்டு ஓட்டமென்றால் சில விநாடிகளிலேயே ரப்பர் இதழ் கருகிப்போகும்.

எங்கள் டிரம்மில் முதல் நாள் கோடு வரவில்லை. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரில் ஆறு இதழுக்கு நாலுதான் இருந்தது. மற்ற இரண்டும் குழாய்க்குள் எங்கேயோ. திருச்சி டவுனில் ஏறி இறங்காத கடையில்லை. பிளக் கிடைத்தது, டூடி ஆயில் கிடைத்தது, இம்பெல்லர் என்றால் "சப்மெர்சிபிள் மோட்டாருக்கா சார்?" என்றார்கள். கடைசியில் நாகைக்காரரே ஒன்றை வாங்கி, தினத்தந்தியில் சுற்றி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். மத்தியப் பேருந்து நிலையத்தில் அதை வாங்கியபோது ஐபோன் வாங்கினபோதுகூட வராத சந்தோஷம்.

புதிதைப் போட்டும் கோடு நூல் மாதிரிதான் வந்தது. அப்போதுதான் அப்பா முதல்முறையாகக் கிட்டே வந்தார். திருவெறும்பூர் பெல்லில் வெல்டராக முப்பத்திநாலு வருடம். கொல்லையில் நாற்காலி போட்டு பேப்பர் படிக்கிற சாக்கில் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உள்ள உப்பு அடைச்சிருக்குடா. ஹெட்டைக் கழட்டு."

"போல்ட் நகர மாட்டேங்குதுப்பா."

"நகராது. அலுமினியத்துல இரும்பு. உப்புக்காத்து. ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும்."

எச்சரிக்கையை மீறி நான் நீளப் பைப்பு போட்டுத் திருகினேன். மூன்றாவது போல்ட் தலை பொட்டென்று உடைந்து கையோடு வந்தது. அன்றைக்கு எனக்கு ரிலீஸ் நாள் வேறு. கறைக் கையோடு மீட்டிங்கில் உட்கார்ந்து, வீடியோவை அணைத்துவிட்டு, அந்த உடைந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்பொருளில் எதை உடைத்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம் என்ற தைரியத்தில் பன்னிரண்டு வருடம் பிழைத்தவனுக்கு, திரும்ப முடியாத ஒன்றைச் செய்துவிட்ட உணர்வு புதிது. வயிற்றில் நிஜமாகவே வலித்தது.

சாயங்காலம் அப்பா தெருமுனைப் பட்டறையிலிருந்து வெல்டிங் செட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். உடைந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளேயே ராடை விட்டு நிரப்பினார். அறுபத்தேழு வயது. டம்ளர் பிடித்தால் விரல் நடுங்கும். ஹோல்டரைப் பிடித்ததும் நடுக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. சூட்டில் போல்ட் விரியும், சுற்றியுள்ள துரு இளகும், ஆறும்போது சுருங்கி வழிவிடும். நட்டில் ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, கால் சுற்று என்று ஆட்டினார். பதினைந்து நிமிடம். அப்புறம் வெண்ணெய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "அவசரப்படாதவனுக்குத்தான் இரும்பு" என்றார். ஹெட்டுக்குள் தண்ணீர் வழிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக்கல். ஒரு நாள் முழுக்க வினிகரில் ஊறப்போட்டுக் கம்பியால் குடைந்தோம். பேசிக்கொண்டதெல்லாம் கம்பியைக் கொடு, விளக்கைக் காட்டு. அப்பாவும் நானும் ஒரு முழுநாளை ஒன்றாகக் கழித்தது அதற்கு முன் எப்போது என்று யோசித்தேன். கல்லூரி அட்மிஷன் அன்றைக்கு இருக்கலாம்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். படகின் அணியத்தில் இருந்த விரிசல்களுக்குக் கண்ணாடி இழைப் பாயை வைத்து ரெசின் பூசினேன். ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கவேண்டும், அது கரைந்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஏப்ரல் மாதத் திருச்சி வெயிலில் கலவை கிண்ணத்திலேயே கல்லாகிவிடும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பூசினேன். பெட்ரோல் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம். இப்போது வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது, எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்து நானே பார்த்தேன். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்க் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானே அடங்கும்வரை ஓடவிடுகிறேன்.

எல்லாம் தயார். ஆற்றில் இறக்கலாம் என்றால் பதிவு. 1917-ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், எஞ்சின் வைத்தால் பதிவு வேண்டும். கடலோர ஊரில் இதற்கு வழி தெரிந்தவர்கள் இருப்பார்கள். நான் போன அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைக் கையில் வாங்கியவர், "ஆத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்கு அனுப்பினார். அந்த மேஜை இன்னொரு அலுவலகத்துக்கு. பேப்பர் இன்னும் எங்கேயோ இருக்கிறது. அதுவரை எஞ்சினை வீட்டில் விட்டுவிட்டு, காவிரியில் தண்ணீர் நிதானமாகப் போகிற மாதங்களில் ஐந்தாறு முறை துடுப்புப் போட்டிருக்கிறேன். இரண்டடி ஆழத்தில் தரை தட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவையும் அதில் சேர்த்தி. ஸ்டேஜிங்கில் மட்டும் ஓடுகிற சாஃப்ட்வேர் என்று நண்பர்கள் சொல்வார்கள்.

2024 ஜூலை 30. மேட்டூர் 120 அடியைத் தொட்டது. மறுநாளிலிருந்து உபரி முழுக்கக் கொள்ளிடத்தில். ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்கு இருபத்தெட்டு லட்சம் லிட்டர். கிரிக்கெட் ஆடின இடத்தில் கரையோடு கரை தண்ணீர், அதன் சத்தம் ராத்திரி படுக்கையறை வரைக்கும் வந்தது. ஆற்றுக்குள் நின்ற உயர் மின்கோபுரம் சாய்ந்து விழுந்தது. 2018-இல் இதே ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதும், பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கரைக்குப் போகக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று காலை கரையோரத்து அக்கா ஒருத்தர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே மகன், இருபது வயதிருக்கும்.

"தம்பி, உங்ககிட்ட போட் இருக்குல்ல? ஞாயித்துக்கெழம சத்தம் கேக்குமே."

நாலு ஆடு. மேய விட்டது, தண்ணீர் ஏறினபோது நடுத்திட்டில் மாட்டிக்கொண்டன. திட்டு இன்னும் ஒரு வீட்டு அகலம் மிச்சமிருக்கிறது. "இவன் வரேங்கறான். ஓட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க தம்பி."

மாடியில் ஏறிப் பார்த்தேன். தென்னந்தோப்புக்கு மேலே திட்டு தெரிந்தது. வெள்ளையாக இரண்டு, கறுப்பாக ஒன்று. நாலாவது தெரியவில்லை. தூரம் இருநூறு மீட்டர் இருக்கும். முழு மரங்கள் வேரோடு மிதந்து போய்க்கொண்டிருந்தன. ஆகாயத்தாமரை பாய் பாயாக. என் எஞ்சின் பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் வேகம் தரும், அதுவும் சும்மா நிற்கிற தண்ணீரில். ஒரு தாமரைக் கொத்து உறிஞ்சு வாயை அடைத்தால் தண்ணீர்க்கோடு நின்றுவிடும். நடு ஆற்றில் எஞ்சின் நின்றால் அடுத்த நிறுத்தம் கல்லணை. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. இருந்தும் கீழே இறங்கி நேராகக் கொல்லைக்குத்தான் போனேன்.

எஞ்சினில் சிவப்புக் கிளிப் இல்லை. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கான கயிற்றின் முனை அது. அதைச் செருகாமல் எஞ்சின் பிடிக்காது. டூல் பெட்டியில் தேடினேன். ஷெல்ஃபில் தேடினேன். திரும்பினால் அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பாக்கெட்டில் சிவப்புக் கயிறு தெரிந்தது.

"நேத்து ராத்திரியே எடுத்துட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னைக்கு மாடியப் பாத்துக்கிட்டே நின்ன. நீ மட்டும் நிக்கல, நானும்தான் நின்னேன்."

வாசலுக்குப் போய் அந்த அக்காவிடம் முடியாது என்று அவர்தான் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. பையன் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அக்கா அவன் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி தண்ணீர் இன்னும் ஏறியது. காலையில் திட்டு இருந்த இடத்தில் ஒரு சுழி இருந்தது.

அவன் கேள்விக்கு இன்றுவரை பதில் தேடுகிறேன். வெள்ளத்துக்காக வாங்கின படகு வெள்ளத்தில் இறங்காது. வெள்ளமில்லாதபோது ஆறு இருக்காது. கொள்ளிடக் கரையில் இல்லாமல் உறையூர் மாதிரித் தெருவுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிற இடமென்றால் உதவும், அதற்கு அதை லாரியில் ஏற்றிக் காவிரிப் பாலத்தைத் தாண்டவேண்டும். விற்றுவிடு என்று அம்மா சொல்கிறார். நாகைக்காரர் அறுபதுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

அதற்கு அடுத்த ஞாயிறு ஏழரை வரை நான் எழுந்திருக்கவில்லை. கொல்லையில் குழாய்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பா டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். கிளிப் எஞ்சினில் செருகியிருந்தது. நான் இழுத்தேன், நாலாவதில் பிடித்தது. கோடு வந்தது, ஆனால் மெலிந்து. அப்பா அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இம்பெல்லர் தேஞ்சுபோச்சு. நாகைக்குப் போன் போடு" என்றார்.