திருப்பூர்ப் புறநகரா, தாராபுரமா?

2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த நல்லூர், 15 வேலம்பாளையம் போன்ற புறநகர்களில் வீடு கட்டுவதா, சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்தில் கட்டுவதா என்று பனியன் தொழிலாளர் குடும்பங்கள் எண்ணும்போது, மனை விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது.

தாராபுரத்துக்கு ரயில் இல்லை.

'ஒன்றரை ஷிப்ட்', அதாவது காலை 8.30 முதல் இரவு 8.30 வரை நீளும் வேலை, முடிந்து டிபன் கேரியரோடு கம்பெனி வேன் ஏறுபவர், கொடுவாய், குண்டடம் கடந்து வீடு சேர்வதற்குள் குழந்தைகள் உறங்கிவிடுகின்றனர்.

புறநகரில் அந்தப் பயண நேரம் மிச்சமானாலும், மனைக்காக வாங்கிய கடன் அதே கூடுதல் ஷிப்டை வற்புறுத்துகிறது.

ஆகவே, பிள்ளைகள் விழித்திருக்கும் பொழுதில் பெற்றோரில் ஒருவரேனும் உடனிருக்க எந்த ஊர் இடம் தருகிறது என்பதல்லவா முதலில் கேட்கப்பட வேண்டியது?