பால் மாதிரி கலங்கணும்

நலங்கு மாவு அரைத்து விற்கிறேன், 22 வருஷமாகிறது. பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ எல்லாம் அத்தையிடம் கற்ற கைப்பக்குவம். ஓட்ஸ் அப்படியல்ல, மளிகைக் கடை பாக்கெட்டில் வந்த பொருள். பயத்தமாவு பட்டாலே எரிகிறது என்று ஒரு கல்யாணப் பெண் சொன்னபோதுதான் அதைக் கையிலெடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே கெடுத்தேன்.

ரவைப் பதத்தில் அரைத்து, தயிரில் குழைத்து, அழுக்குப் போகட்டும் என்று கன்னத்தில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கன்னமும் செக்கச் செவேல். மறுநாள் நிச்சயதார்த்தம். அத்தை திட்டவில்லை. மீதி மாவை விரலிடுக்கில் உரசிப் பார்த்து, "இது உப்புமாவுக்குத்தான்டி ஆகும்" என்றவர், பழைய வேட்டித் துண்டோடு வந்தார். சூரணத்துக்குச் செய்கிற வஸ்திரகாயம். பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டி, உள்ளங்கையால் மாவைத் தடவிக்கொண்டே இருந்தார். அழுத்தவே இல்லை. அடியில் இறங்கியது முகப்பவுடர் போல இருந்தது. கால் கிலோவுக்கு முக்கால் மணி நேரம்.

உப்பு, இனிப்பு, மசாலா எதுவும் சேராத ஓட்ஸாக வாங்குங்கள். (மசாலா ஓட்ஸோடு வந்து நின்ற ஒரு பெண் இருக்கிறாள், இன்று நன்றாகவே அரைக்கிறாள்.) மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், சூடேறினால் மாவு கட்டி தட்டும். அரிசியைவிட இதில் எண்ணெய்ப்பசை அதிகம், நாளானால் காறல் வாடை வரும். அதனால் நான் பதினைந்து நாளைக்கு மேல் அரைத்து வைப்பதில்லை.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கலக்குங்கள். பால் மாதிரி கலங்கணும், தொட்டால் வழுக்கணும். அடியில் தங்கினால் மறுபடி மிக்ஸிக்கு. அந்த வழுவழுப்புதான் தோலின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அமெரிக்காவில் 2003இல் இந்தப் பொடியைத் தோல் காக்கும் மருந்துப் பட்டியலில் சேர்த்தார்களாம். எனக்குத் தம்ளர் போதும்.

தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். காய்ந்து இழுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள். புது ஆளுக்கு முழங்கை உட்புறம் தடவி ஒரு நாள் பொறுங்கள். ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கரப்பான் உள்ள குழந்தை, நீர் வடிகிற புண் என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். குழைத்ததில் மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், புளித்துவிடும். என் வீட்டில் அது செம்பருத்திக்குப் போகிறது.