கழித்தலில் பிறக்கும் வடிவம்

ஹவாய்த் தீவுகளில் அலைச்சறுக்குப் பலகை செய்வோரின் தொழிலை அறிய விரும்புகிறவன், கடற்கரைக்குப் போகுமுன் ஹொனலூலு நகரத்து பிஷப் அருங்காட்சியகத்தில் பழம்பலகைகளைத் தரிசித்துவிட்டுப் போவது உத்தமம் என்று நண்பர் ஒருவர் சொன்னதைச் சிரமேற்கொண்டு, முதலில் அங்கேதான் சென்றேன். பிரபுக்களுக்கு உரித்தான, பதினைந்து பதினாறு அடி நீளமுள்ள ‘ஓலோ’ப் பலகைகளும், பொதுஜனங்கள் ஏறிய, மெல்லிய ‘அலாயா’ப் பலகைகளும் அக்காலத்துக் கைகளின் லாகவத்துக்குச் சாட்சியாக உள்ளன. ஓலோ செய்ய உகந்ததெனக் கருதப்பட்ட விலிவிலி, நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மென்மரம். கற்கருவியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, குக்குய்க் கொட்டையின் எண்ணெய் பூசி மெருகேற்றினார்கள் என்று அறிந்தபோது, இழைப்புளியும் உப்புத்தாளும் இல்லாத காலத்தில் இவ்வளவு நேர்த்தி எவ்விதம் கைகூடிற்று என்ற வியப்பே மேலிட்டது.

இப்பலகைகளை 1920களில் பழுதுபார்த்துச் செப்பனிட்ட டாம் பிளேக் என்பவர், அவற்றின் வடிவத்தை ஒட்டித் தாமும் ஒன்று செய்து, அதன் பாரத்தைக் குறைக்கும் பொருட்டு நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, மேலே மெல்லிய மரத்தகடு போர்த்தி மூடினார். அந்தப் பிரயத்தனமே பின்னர் உள்ளே கூடான பலகைக்கு வழிகோலியது. 1937இல் ஜான் கெல்லி முதலிய இளைஞர்கள், செங்குத்தான அலையில் தங்கள் பலகையின் அகன்ற பின்புறம் பிடிமானமின்றிப் பக்கவாட்டில் வழுக்குவதைச் சகிக்கமாட்டாமல், கோடரியை எடுத்து வால்பகுதியின் இருபுறத்தையும் வெட்டிக் குறுக்கிவிட்டார்கள். பிளேக் 1935இல் அடிப்பாகத்தில் பொருத்திப் பார்த்த துடுப்பைப் போலச் சேர்த்தவையும் உண்டெனினும், இத்தொழிலின் பெரும் முன்னேற்றங்கள் பல, எதை நீக்கலாம் என்ற கேள்வியிலிருந்தே உதித்தவை.

இந்த எண்ணத்தோடுதான் தீவின் வடகரையில், வீட்டுப் புறக்கடையில் பலகை செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறைக்குள் நுழைந்தேன். கருநீலச் சுவர்கள்; மேலே விளக்கே இல்லை; இருபக்கமும் இடுப்புயரத்துக்குச் சற்று மேலே குழல்விளக்குகள். பக்கவாட்டில் விழும் ஒளியில், விரலுக்கும் புலப்படாத மேடுபள்ளங்கள் நிழலாக வெளிப்பட்டுவிடும் என்றார். நடுவே மெல்லிய மரச்சட்டம் ஓடும் ஃபோம் கட்டையின் மீது, பாதி உருவத்துக்கான அச்சை ஒருபுறம் வைத்துக் கோடிழுத்து, அதையே மறுபுறம் கவிழ்த்து இழுத்து, ரம்பத்தால் அறுத்த பின், மின்இழைப்புளியைத் தலையிலிருந்து வால்வரை நிறுத்தாமல் நடத்திச் சென்றார். இழைத்ததை மீண்டும் ஒட்டவைக்க இயலாதாகையால், கையைவிடக் கண்ணையே அவர் அதிகம் உழைக்க வைத்தார்.

வேலியோரம் அவருடைய பரிசோதனைப் பலகைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒன்றில் வால் கூர்மை. மற்றொன்றில் மீன்வால்போல் பிளவு. பிறிதொன்றில் அடிப்பாகம் சிறிதே குழிந்தது. எஞ்சிய அளவுகளையெல்லாம் மாற்றாமல் ஏதேனும் ஒரே அம்சத்தை மட்டும் மாற்றுவதன் காரணத்தைக் கேட்டேன். “இரண்டை மாற்றினால், அலை சொல்லும் பதில் எதற்கென்று எனக்கு விளங்காது, ஐயா” என்றார். வீட்டிலேயே செய்து பார்க்க வரும் இளைஞர்களுக்கு அவர் முதலில் கற்பிப்பது இரசாயன பாடம்: கட்டட வேலைக்கு விற்கும் வெள்ளை பாலிஸ்டைரீன் மலிவானதுதான், ஆனால் அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரை கரைந்து குழியாகும், எபாக்ஸி ரெசின்தான் அதற்கு ஆகும். தூளுக்கும் புகைக்கும் முகமூடி அணியாமல் வேலைசெய்பவரை அவர் தம் பட்டறையில் அனுமதிப்பதில்லை.

இப்போது கணினியின் கட்டளைப்படி இயந்திரமே கட்டையைச் செதுக்கிவிடுகிறது. நிரூபணமான வடிவத்தைப் பிசகின்றி நகலெடுக்கும் அதன் சாமர்த்தியத்தை முதியவரும் மறுக்கவில்லை. ஆனால் நகலெடுக்கத் தகுந்த மூலம் முதன்முதலில் தோன்ற வேண்டுமானால், நல்ல பலகை ஒன்று பாழாகக்கூடும் என்று தெரிந்தே அதில் கோடரி வைக்கும் துணிவு யாருக்காவது இருக்க வேண்டும். அப்படிப் பாழாகும் பலகைகளின் நஷ்டத்தைத் தம் கைப்பணத்திலிருந்தே ஏற்கும் இத்தகைய புறக்கடைத் தொழிலாளர்களை விட்டால், அத்துணிவை வேறெங்கும் விலைகொடுத்து வாங்க முடியாது.