மலையைப் பார்த்தால் கடல் தெரியும்

களியக்காவிளையில் இறங்கி, பாறசாலை வழியாகப் பொழியூருக்குப் போனேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு தங்கிவிட்டது. அந்த எல்லைக்கோடு கடற்கரையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேரளத்துப் பொழியூரிலிருந்து மணலில் தெற்கே நடந்தால் தமிழகத்து நீரோடி. அதே வள்ளம், அதே வலை, தமிழும் மலையாளமும் பிணைந்த அதே பேச்சு.

வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், நடுக்கடலில் பார் இருக்கும் இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. மீன்கள் கூடி வாழும் இடம்.

"மலையப் பாத்தா தெரியும் மக்கா" என்றார்.

கணிச்சம் என்பது அந்தக் கலையின் பெயர். தொலைவில் ஒரு மலைமுகடு, கரையில் ஒரு கோயில் கோபுரம். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி வள்ளத்தை நிறுத்த வேண்டும். வேறு திசையில் இன்னொரு மலை, இன்னொரு தென்னை. அவையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளிக்கு நேர் கீழே பார் இருக்கிறது. ஏட்டில் எழுதாத வடிவியல் இது. தந்தை மகனை வள்ளத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தது.

அருகிலிருந்த பேரன் ஜிபிஎஸ் கருவியைக் காட்டினான். பெரியவர் அதை மறுக்கவில்லை. "எடத்த இது சொல்லும். இன்னைக்கு நீவாடு எப்படிப் போவுது, அத நீதான் பாக்கணும்" என்றார். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம்.

இந்த அறிவை அறிவியலாக மதித்துத் தொகுத்தவர் ராபர்ட் பனிப்பிள்ளை. திருவனந்தபுரம் மீனவச் சமூகத்திலிருந்து வந்த அவரது ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பு, பெரியவர்கள் சொன்ன பார்களில் முக்குளித்து, அங்குள்ள உயிர்களைப் படம்பிடித்துப் பதிவு செய்தது. இழுவைமடிகளால் பார்கள் சிதைந்தபோது, 1980களிலேயே திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் தாங்களே கல்லும் தென்னந்தடியும் இறக்கிச் செயற்கைப் பார்களை உண்டாக்கினார்கள். 2023-இல் அரசுத் திட்டம் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு 6,300 கான்கிரீட் பார் அலகுகளை இறக்கத் தொடங்கியது. ஊரார் முன்பே அறிந்திருந்ததை அரசு பிறகு செய்தது என்றே நான் சொல்வேன்.

ஊரறிவை முதலிலேயே சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. கனடாவின் லாப்ரடாரில் இன்னு பழங்குடியினர் தங்கள் நிலத்தையும் நீரையும் காக்கச் சொந்தக் காவலர்களை அமர்த்தியிருக்கிறார்கள். மூத்தோரின் அறிவும் ஆய்வுக் கருவியும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. நமக்கும் அதே தேவை இருக்கிறது, மீனுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, நீரோடி முதல் தூத்தூர் வரையிலான ஊர்களின் விசைப்படகுகள் எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் இருந்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இப்போதும் அந்தக் கரையில் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் குரல் தாழ்ந்துவிடுகிறது.

பெரியவருக்கு எழுபது கடந்துவிட்டது. அவர் சொன்ன கணிச்சங்களில் இரண்டை என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவே ஒரு மணி நேரம் ஆனது. அவர் நினைவிலோ எத்தனையோ இருக்கின்றன. பேரனுக்குப் பாதிதான் தெரியும் என்றார்.

குமரியிலும் திருவனந்தபுரத்திலும் கடலோரக் கல்லூரிகளை நடத்துவோரே, இவரைப் போன்றவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள். சம்பளம் கொடுத்து அழையுங்கள். இந்த ஆண்டே அழையுங்கள்.