எர்னெஸ்ட்ஸ் குல்பிஸ் - ஜோகோவிச்சோடு பழகிய பையன்

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் குட்டி நாடு லாட்வியா. மொத்த ஜனத்தொகையே இருபது லட்சத்துக்குக் கீழே. ஐஸ் ஹாக்கியும் கூடைப்பந்தும்தான் அங்கே உயிர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து டென்னிஸில் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த முதல் ஆள் எர்னெஸ்ட்ஸ் குல்பிஸ்.

1988-ல் ரிகாவில் பிறந்தார். தாத்தா 1935-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற லாட்விய கூடைப்பந்து அணியில் ஆடியவர். அப்பா பெரிய தொழிலதிபர், அம்மா நடிகை. எழுத்தாளர் ஹெமிங்வே நினைவாகத்தான் மகனுக்கு இந்தப் பெயர். சொந்த விமானத்தில் பறக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதியபோது, ஹெலிகாப்டர், நீர்மூழ்கிக் கப்பல், விண்கலம் எல்லாமே இருக்கிறது என்று நக்கலடித்த ஆசாமி!

பன்னிரண்டு வயதில் மியூனிக் பக்கத்தில் நிக்கி பிலிச் நடத்திய பயிற்சி மையத்துக்குப் போனார். அங்கே இருந்த இன்னொரு பையன் நோவாக் ஜோகோவிச். குல்பிஸைவிட ஒரு வயது மூத்தவர். செர்பியாவில் பீட்சா கடை நடத்திய குடும்பம், கடன் வாங்கி அனுப்பியிருந்தது. ஜெயிக்காமல் ஊர் திரும்ப முடியாத பையன் ஒருவன், ஜெயித்தாலும் தோற்றாலும் கவலையில்லாத பையன் ஒருவன். 2008-ல் பாரிஸ் பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் இருவரும் மோதினார்கள். மூன்று நேர் செட்டில் ஜோகோவிச். ஆனால் மூன்றுமே நெருக்கமான செட்டுகள். அன்று பார்த்தவர்கள் இரண்டு பேருமே மேலே வருவார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இடி மாதிரி சர்வீஸ், அருமையான பேக்ஹேண்ட், எதிராளி பின்னால் நிற்கும்போது வலையோரம் சொத்தென்று விழும் டிராப் ஷாட்... எல்லாம் இருந்தது. இல்லாதது நிதானம். உடைந்த ராக்கெட்டுகளுக்குக் கணக்கில்லை. 2010-ல் ரோமில் ஃபெடரரையே சாய்த்தார். 2012 விம்பிள்டனில் பெர்டிச்சை மூன்று டை-பிரேக்கில் வீழ்த்திவிட்டு அடுத்த சுற்றிலேயே வெளியேறினார். அந்த வருடக் கடைசியில் தரவரிசையில் நூறுக்கும் வெளியே!

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் புத்தி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆஸ்திரியப் பயிற்சியாளர் குந்தர் பிரெஸ்னிக்கிடம் சேர்ந்தார். ஃபோர்ஹேண்டை மாற்றினார், பறவை சிறகு விரிப்பதுபோல இரண்டு கையையும் அகல விரித்து அடிக்கும் விசித்திரமான பாணி. பார்த்தால் சிரிப்பு வரும், பந்து போகும் வேகம் சிரிப்பு அல்ல. 2013-ல் டெல்ரே பீச்சில் தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பித்துக் கோப்பையே வாங்கினார். வாய் மட்டும் மாறவில்லை. ஃபெடரர், நடால், ஜோகோவிச், மர்ரி நால்வரின் பேட்டிகளும் போரடிக்கின்றன என்று அதே வருடம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையிடம் சொன்னார். (பொய்யும் இல்லை!)

2014 மே-ஜூன்தான் உச்சம். நீஸ் கோப்பையை வென்ற கையோடு பாரிஸ். நான்காவது சுற்றில் ஃபெடரரை ஐந்து செட்டில், காலிறுதியில் பெர்டிச்சை நேர் செட்டில் வென்றார். அரையிறுதியில் எதிரே நின்றது பழைய மியூனிக் தோழன். அதற்குள் அவர் ஆறு கிராண்ட் ஸ்லாம் வென்று முடித்திருந்தார். குல்பிஸ் ஒரே ஒரு செட் எடுத்தார். போட்டி முடிந்த வாரம் தரவரிசையில் பத்தாவது இடம். அதற்கு மேல் ஏறவேயில்லை.

அந்தப் போட்டியின்போதே உளறவும் செய்தார். தன் தங்கைகள் டென்னிஸை தொழிலாக எடுக்க வேண்டாம், பெண்களுக்குக் குடும்பம், குழந்தை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார். கடுப்பேற்றும் பேச்சுதான். மூன்று வருடம் கழித்து, 2017 ஜூன் 10 அன்று, அதே பாரிஸில் லாட்வியாவின் முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் கோப்பை வந்தது. வாங்கியவர் ஒஸ்டபென்கோ என்ற பெண். இருபது வயது முடிந்து இரண்டே நாள். ஹாலெப்பிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் 0-3 என்று பின்தங்கி, அங்கிருந்து அடித்து ஜெயித்தார்.

குல்பிஸ் அப்போது காயங்களோடு தரவரிசையில் எங்கோ கீழே கிடந்தார். ஆனாலும் விடவில்லை. 2018 விம்பிள்டனில், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, நான்காம் நிலை வீரர் ஸ்வெரெவை ஐந்து செட்டில் வென்றார். கடைசி செட் 6-0! அதே அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஏழாவது இறுதிப் போட்டி. அதுவரை ஆடிய ஆறு இறுதிகளிலும் அவர் தோற்றதே இல்லை. எதிரே இருபது வயது சிட்சிபாஸ், முதல் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருந்தவர். 6-4, 6-4. இந்த முறை கோப்பை பையனுக்குப் போனது.