ராக்கி என்கிற செவலை

நாய்க்குட்டி வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் சொல்லும் முதல் பொய் ஒன்று உண்டு. "எல்லாத்தையும் நானே பாத்துக்கறேம்மா!"

திருச்சி உறையூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையனும் அதையேதான் சொன்னான். சொல்லும்போது அவன் புத்தகப் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பன் வீட்டு நாய் போட்ட குட்டி. வயது நாற்பது நாள். சுத்தமான நாட்டு நாய், செவலை நிறம், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய காது. பஸ்ஸில் வரும்போதே 'ராக்கி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. "ஹவுஸ் ஓனருக்கு யார்டா பதில் சொல்றது?" என்று அம்மா கேட்டார். அப்பா வழக்கம்போல பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். கீழ் வீட்டிலேயே இருக்கும் ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷர். சத்தம் வரக்கூடாது, மாடிப்படி அசிங்கமாகக் கூடாது என்று இரண்டே இரண்டு கண்டிஷன்தான் போட்டார். இரண்டும் முதல் ராத்திரியே மீறப்பட்டன :-)

அதுவரை கூடப்பிறந்ததுகளோடு ஒட்டிக்கொண்டு தூங்கிய குட்டி, திடீரென்று அட்டைப்பெட்டியில் தனியாகக் கிடந்தால் அழாமல் என்ன செய்யும்? பையன் காதில் ஹெட்போனோடு நன்றாகத் தூங்கினான். அம்மாதான் எழுந்து வந்து, பழைய காட்டன் புடவையை மடித்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் தன் கட்டிலுக்குக் கீழே இழுத்து வைத்து, ஒரு கையைத் தொங்கவிட்டபடி படுத்தார். அழுகை நின்றது. மறுநாள் தோள்பட்டை வலி.

அடுத்தது ஒண்ணுக்குப் பிரச்சினை. பையன் பெரிய ஆளாட்டம் குட்டியின் மூக்கை ஈரத்தில் தேய்த்துத் திட்டினான். அதன் பலன், குட்டி பீரோவுக்குப் பின்னால் போய் இருக்க ஆரம்பித்தது. தான் போன இடத்துக்காகத்தான் அடி விழுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆட்கள் பார்த்தால் ஆபத்து என்பது மட்டும்தான் புரியும். இரண்டு மாதக் குட்டிக்கு அடக்கி வைக்கவும் முடியாது. நாலு நாள் கவனித்ததில் கணக்கைப் பிடித்தது அம்மாதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அலேக்காகத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். அங்கே போனால் தலையில் ஒரு தடவு தடவ வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை படியேறுவது யார்? பையனுக்குக் காலையில் காலேஜ், சாயங்காலம் கிரிக்கெட்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் எல்லோருமே கற்றுக்குட்டிகள். முதல் நாள் பாசமாக ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தார்கள், மறுநாள் பேதி. நிறையக் குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. சாம்பார் சாதமும் கூடாது, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். பாயசத்தில் போடுகிற உலர்ந்த திராட்சை சிறுநீரகத்துக்கு வம்பு. கடைசியில் குழைந்த சாதம், தயிர், அவித்த முட்டை என்று ஒரு மெனு முடிவானது. இதற்கு நடுவே ஊசி மாதிரியான 28 பால் பற்களும் வேலையைக் காட்டின. ஒரு சார்ஜர் வயர், அப்பாவின் இரண்டு செருப்பு. இரண்டுமே இடது கால் செருப்பு, அது என்ன கணக்கோ!

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வேலையை மட்டும் பையன் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தான். தடுப்பூசி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று என நாலு மாதம் ஆகும்வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரம் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இதையெல்லாம் நெட்டில் படித்து அம்மாவுக்கு வகுப்பே எடுத்தான். போனில் ரிமைண்டரும் வைத்தான். இன்டர்னல் பரீட்சை வந்தது. ரிமைண்டர் அடித்தது, தள்ளி வைத்தான். மறுபடி அடித்தது...

ஒரு செவ்வாய்க்கிழமை காலை குட்டி தட்டுப் பக்கமே வரவில்லை. மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. சாயங்காலம் ரத்தத்தோடு பேதி. ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவின் மடியில் துணி மாதிரிக் கிடந்தது. டாக்டர் பார்த்தார். "பார்வோ" என்றார். "ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார். பையன் தரையைப் பார்த்தான்.

டிரிப் ஏற்ற வேண்டும், வாந்தியை நிறுத்த வேண்டும், வேறு கிருமி தொற்றாமல் ஆண்டிபயாட்டிக் போட வேண்டும். குட்டியின் உடம்பு தானாகச் சண்டை போட்டு ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். ஐந்து நாள், தினமும் மார்க்கெட் கூடையில் வைத்துக்கொண்டு அம்மா ஆட்டோவில் போய் வந்தார். டிரிப் இறங்கும் இரண்டு மணி நேரமும் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி பையன் அம்மாவிடம் போனை நீட்டினான். 'ராக்கி - ஊசி' என்ற ரிமைண்டர், நாலு முறை தள்ளி வைக்கப்பட்டது. "என்னாலதாம்மா" என்றான்.

அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பக்கெட்ல பிளீச்சிங் பவுடர் கரைச்சு வச்சிருக்கேன். மாடியையும் படியையும் நல்லாக் கழுவி விடு" என்றார். சாதாரண பினாயிலுக்கெல்லாம் அந்த வைரஸ் அசையாது, மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும். பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு அவன் கழுவினான். சத்தம் கேட்டு வெளியே வந்த ஹவுஸ் ஓனர், ஒன்றும் கேட்காமல் கீழே மோட்டாரைப் போட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் குட்டி தண்ணீரை நக்கியது. ஆறாம் நாள் மோர் விட்டுக் கரைத்த சாதம் இரண்டு வாய். எட்டாம் நாள் ஒரு செருப்பு காணாமல் போனது. வீட்டில் யாரும் திட்டவில்லை!

மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். கம்பவுண்டர் அட்டையைப் பார்த்து "ராக்கி... டேய் ராக்கி!" என்று கூப்பிட்டார். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "காது கேக்குமாம்மா இதுக்கு?" என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. மெதுவாக "செவல..." என்றார். அந்தப் பெரிய காது இரண்டும் நிமிர்ந்தன, வால் மேஜையில் பட்பட்டென்று அடித்தது. பையன் அம்மாவைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுக்காமல் நேராக அடுப்படிக்குப் போனான். சிலிண்டர் போட்ட தேதியும் பால் கணக்கும் அம்மா குறித்து வைக்கிற மாதக் காலண்டர் அங்கேதான் தொங்குகிறது. பேனாவை வாங்கி, அடுத்த மாதத்தில் ஒரு கட்டத்துக்குள் எழுதினான்: 'செவலை - ஊசி.'